கேளுங்கோ, சொல்லுறம்: மலையும் தண்ணியும் மனுசரும்

சுன்னாகம் வாசகி: சீன ஓவியங்களில மலை வானம் முட்ட நிக்குது, மனுசர் எறும்பு மாதிரித் தெரியினம். ஏன் அப்பிடி? இப்ப கீறுற ஆக்களும் அப்பிடித்தானோ?

பதில்: தங்கச்சி, அந்த வகை ஓவியத்துக்கு அவை வச்ச பேரே ஷான் ஷுய், மலையும் தண்ணியும் எண்டு அர்த்தம், பேருக்குள்ள மனுசன் இல்லைப் பாருங்கோ. ஃபான் குவான் எண்டவர் 1000ஆம் ஆண்டளவில கீறின படம் ஒண்டு தைப்பே அரண்மனை மியூசியத்தில இருக்கு, 2 மீற்றருக்கு மேல உயரம், அதில பெரும்பகுதி ஒரே மலைதான், கீழ வலப்பக்கத்தில கோவேறு கழுதையளைப் பத்திக்கொண்டு ரெண்டு பேர் போகினம், தேடித்தான் பிடிக்கோணும். ஆனா அவை பயந்து நிக்கேல்ல, தங்கட பாட்டுக்கு நடக்கினம். எனக்குப் பிடிச்சதே அதுதான்.

இப்பத்தைய ஆக்களிட்ட அந்த நிம்மதி இல்லை. ஜி யுன்ஃபெய் அதே பழைய சுருள் முறையில யாங்சி ஆத்து மூன்று பள்ளத்தாக்கு அணையை எடுத்திருக்கிறார், அந்த அணைக்காக 12 லட்சத்துக்கு மேல சனம் ஊர் விட்டது. சுருளை விரிச்சுக்கொண்டு போனா மலையும் மரமும் இருக்கு, ஆனா கண் போய் நிக்கிறது மூட்டை முடிச்சோட நிக்கிற சனத்தில. 95இல யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால நடந்த எங்களுக்கு அந்த மூட்டையளைப் பற்றி ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, எங்களைக் கலைச்சது சண்டை, அவையைத் தண்ணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

லியூ சியாவோடொங் எண்ட ஓவியர் 2005இல அந்த அணைப் பக்கத்துக்கே போய், ஊரை இடிக்கிற தொழிலாளர் மெத்தையில இருந்து சீட்டு விளையாடுறதை எண்ணெய் வர்ணத்தில பென்னாம்பெரிசாக் கீறினவர். அங்க மனுசர் முன்னுக்கு, மலையும் ஆறும் பின்னுக்குப் போட்டுது.

ஊர்காவற்றுறை வாசகர்: குப்பையை மலையாக் காட்டுற சீனப் படம் இருக்கெண்டு மகள் சொல்லுறாள், உண்மையோ?

பதில்: உண்மைதான் அண்ணை. யாவோ லூவின்ர படங்கள், அது கீறினது இல்லை, ஃபோட்டோ. பச்சை வலை போட்டு மூடின இடிபாட்டுக் குவியலுகளைப் படம் எடுத்து, கொம்பியூட்டரில பனிமூட்டமும் சேர்த்திருக்கிறார். எட்ட நிண்டு பார்த்தா பழைய ஓவியம், கிட்டப் போனா வலையின்ர மடிப்புத் தெரியும், வயித்துக்குள்ள ஒரு மாதிரிச் செய்யும். மகள் கீறுறவ எண்டா உங்கட கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வள்ளத்தையும் பனையையும் கீறேக்க காலடியில ஒதுங்கிக் கிடக்கிற பிளாஸ்ரிக் போத்திலையும் விடாமல் கீறட்டும்.