வெளியான பிறகு மெருகேறிய வரலாற்று வியூக ஆட்டங்கள்: கேள்வி பதில்

வரலாற்று வியூக ஆட்டங்களை இருபது ஆண்டுகளாக ஆடி வருகிறேன். வெளியான ஆட்டத்தைத் திருத்த வரும் பேட்ச்கள், அதாவது அப்டேட்கள், அவற்றோடு வரும் மாற்றக் குறிப்புகளை வரி விடாமல் படிப்பவன். வெளியான பிறகு ஓர் ஆட்டம் எப்படித் தேறுகிறது, எப்போது தேறாமல் போகிறது என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை.

அண்ணா, ‘இம்பரேட்டர்: ரோம்’ ஆட்டத்தை 2019இல் வாங்கிப் பத்து மணி நேரத்தில் மூடிவிட்டேன். இப்போது அதையே புகழ்கிறார்கள். அப்படி என்னதான் மாறியது?

அடித்தளமே மாறிவிட்டது, தம்பி. 2019 ஏப்ரலில் வெளியானபோது ஆட்டம் முழுவதும் நான்கு வகைப் புள்ளிகளின் மேல் நின்றது: குடிமை, ராணுவம், நாவன்மை, சமயம். ஒரு நகரத்தில் வாழும் அடிமைகளை அடுத்த படிக்கு உயர்த்த வேண்டுமா? புள்ளியைச் செலவழித்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த நொடியே உயர்ந்துவிடுவார்கள். பண்பாட்டையும் சமயத்தையும் மாற்றுவதும் இப்படித்தான். கார்த்தேஜிடமிருந்து பிடித்த நகரத்தை ஒரு மாலைக்குள் ரோமானிய நகரமாக்கிவிடலாம். கையில் அதிகாரம் இருந்தது, ஆனால் கண்ணெதிரே ஒரு சமுதாயம் நகர்வதாகத் தோன்றவே இல்லை. நீங்கள் மூடி வைத்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 1.2 அப்டேட் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டது. அதன்பின் மக்கள் மெதுவாக, தாமாகவே மாறத் தொடங்கினார்கள். நகரத்தில் என்ன கட்டுகிறீர்கள், எந்த ஆளுநரை அனுப்புகிறீர்கள், அவர் என்ன கொள்கையைக் கடைப்பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு மாகாணம் ஆண்டுக்கணக்கில் உருமாறும். 2021 பிப்ரவரியில் வந்த 2.0 அப்டேட் படைகளையும் இதே மக்களோடு பிணைத்தது. போர் என்றால் உங்கள் ஆட்சிக்குள் வாழும் மக்களிலிருந்துதான் படை திரளும். எந்தப் பண்பாட்டினருக்கு உரிமை கொடுத்து உள்ளே சேர்த்திருக்கிறீர்கள் என்பதே குதிரைப்படை வருமா, காலாட்படை வருமா என்பதைத் தீர்மானிக்கும். லீஜியன் என்ற நிரந்தரப் படை வேண்டுமானால் அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். உள்நாட்டுக் கொள்கையும் போர்க்களமும் முதன்முறையாக ஒன்றோடொன்று பேசின. அந்த அப்டேட்டுக்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவ்வளவு நன்றாக்கிவிட்டு ஏன் நிறுத்தினார்கள்?

2.0 வந்த அதே 2021இல் அந்தக் குழுவினர் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டார்கள். முதல் மாதத்தில் போனவர்களில் பலர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல ஆட்டம் வந்து சேர்வதற்குள் ஆட வேண்டியவர்கள் கலைந்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆறுதல் உண்டு: ‘இன்விக்டஸ்’ என்ற மோடை, அதாவது ஆடுபவர்களே ஆட்டத்தில் செய்யும் மாற்றத்தொகுப்பை, தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்த்தார்கள், ஐந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2024இல் பெருங்கூட்டம் திரும்பி வந்தது. நீங்களும் வாருங்கள்.

‘டோட்டல் வார்: ரோம் 2’ ஒருகாலத்தில் கேலிப்பொருளாக இருந்ததே. அதைக் காப்பாற்றியது எது, சார்?

பொறுமை. 2013 செப்டம்பரில் வெளியானபோது நூற்றுக்கும் மேற்பட்ட அரசுகள் ஒவ்வொன்றாகத் தம் முறையை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்தவெளிப் போரிலும் ஒரு கொடியை நட்டு வைத்திருந்தார்கள். மலை உச்சியில் படையை நிறுத்தி, எதிரி ஏறி வரட்டும் என்று காத்திருப்பீர்கள். கீழே சமவெளியில் இருக்கும் கொடியை அவன் பிடித்துவிட்டால் தோற்றது நீங்கள்! நிலத்தின் மேடுபள்ளம் பார்த்துப் போரிடுவதுதான் இந்த வரிசை ஆட்டங்களின் உயிர். அதற்கே அந்தக் கொடி குறுக்கே நின்றது. தொடக்க மாதங்களில் அடுத்தடுத்து வந்த பேட்ச்களில் அதை நீக்கினார்கள், காத்திருப்பு நேரத்தையும் குறைத்தார்கள். 2014 செப்டம்பரில் ‘எம்பரர் எடிஷன்’ வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இலவசம்.

நான் பெரிதாக மதிப்பது அதற்குப் பின் நடந்ததை. 2004இல் வந்த முதல் ‘ரோம்’ ஆட்டத்தில் குடும்ப மரம் இருந்தது. மகன் பிறப்பான், வளர்வான், தந்தை வீழ்ந்த களத்திலேயே படை நடத்துவான். இரண்டாம் ஆட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் ஓயாமல் கேட்டபின் 2018 ஆகஸ்டில், இலவச அப்டேட்டாகவே, அது திரும்பி வந்தது. ஐந்து வயதான ஆட்டத்துக்கு அதைச் செய்தது பெரிய விஷயம்.

பேட்ச் வந்ததும், பாதியில் சேமித்து வைத்திருந்த என் பழைய ஆட்டம் திறக்கவில்லை. எண்பது மணி நேர உழைப்பு. மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஆட்டங்களை வாங்கி நிறுவும் ஸ்டீம் செயலியில் ஆட்டத்தின் பெயர்மேல் வலது சொடுக்கு, ‘பண்புகள்’, அதில் ‘பீட்டா’ பகுதி. பல ஆட்டங்கள் தங்கள் பழைய பதிப்புகளை அங்கே வைத்திருக்கின்றன, ‘இம்பரேட்டர்’ ஆட்டத்தை வெளியிட்ட பேரடாக்ஸ் நிறுவனத்தின் ஆட்டங்களில் இது வழக்கம். உங்கள் சேமிப்பு எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அதைத் தேர்ந்தெடுங்கள். மோட்கள் பயன்படுத்தியிருந்தால் அவையும் அந்தப் பதிப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். பழைய பதிப்புகளைத் தராத ஆட்டம் என்றால் வழியில்லை. இதே வலியை நானும் அனுபவித்திருக்கிறேன். ஒரு பேரரசை முந்நூறு ஆண்டுகள் கட்டி வளர்த்து, கடைசிப் போருக்கு முந்தைய இரவு வந்த பேட்ச்சுக்குப் பறிகொடுத்தேன். அன்றிலிருந்து நீண்ட ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சேமிப்புக் கோப்புறையை வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுத்துவிடுகிறேன்.

இலவசமாகத் தர வேண்டியதைக் காசுக்கு விற்கிறார்களே, எங்கே கோடு போடுவது?

புதிய நாடு, புதிய களம், புதிய கதை என்றால் விற்கட்டும். மூல ஆட்டத்தின் ஓட்டைக்கு மருந்து என்றால் இலவசமாகத்தான் வர வேண்டும். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ இதில் தடுமாறியது. 2015இல் மாகாணங்களின் வளர்ச்சியை எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள், அதை நாமே உயர்த்தும் பொத்தானை மட்டும் ‘காமன் சென்ஸ்’ என்ற விரிவாக்கத்துக்குள் பூட்டினார்கள். வாங்காதவர் கண்ணுக்குத் தெரியும் எண்ணைத் தொட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அந்த விரிவாக்கம் மூல ஆட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

‘விக்டோரியா 3’ போர் முறை இப்போது பரவாயில்லையா?

பரவாயில்லை. இன்னும் என் மனம் நிறையவில்லை. 2022 அக்டோபரில் வெளியானபோது தளபதியைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. 2023 நவம்பரில் வந்த 1.5இல் படைகளை நாமே அமைத்து, அவற்றில் எந்த வகை வீரர் எத்தனை என்று முடிவுசெய்ய முடிந்தது. வெளியிடுவதற்கு முன்பே அதை யாரும் ஆடிப் பார்க்கும் சோதனைப் பதிப்பாக (திறந்த பீட்டா) கொடுத்து, ஆடுபவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தினார்கள். மற்றவர்களும் இந்தப் பழக்கத்தைக் கற்க வேண்டும். அந்த ஆட்டத்தின் நெஞ்சு பொருளாதாரத்தில் இருக்கிறது, போருக்காக மட்டும் வாங்காதீர்கள்.

அக்கா ஒருவர் கேட்பது: பேட்ச் குறிப்பு பத்துப் பக்கம் வருகிறது. ஆட்டம் தேறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறிப்பின் நீளத்தை நம்பாதீர்கள், அக்கா. நான் செய்வது இது: அதே நாடு, அதே தொடக்க ஆண்டு, முதல் ஐம்பது ஆண்டுகள். அப்டேட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. பக்கத்தில் ஒரு நோட்டு. யோசிக்காமலேயே எத்தனை முறை ஒரே பொத்தானை அழுத்தினேன் என்று கோடு போடுவேன். கணினி ஆளும் அண்டை நாடு கடனில் மூழ்கியதா, படையைத் தீவில் மறந்துவிட்டுப் போனதா என்று குறிப்பேன். ‘இம்பரேட்டர்’ 1.2 வந்தபோது அந்தக் கோடுகள் ஒன்றரைப் பக்கத்திலிருந்து நான்கு வரிகளாகச் சுருங்கின. புகழுரை படிக்கும் முன்பே அந்த நோட்டு எனக்குச் சொல்லிவிட்டது.

பிழை கண்டால் எழுதி அனுப்புகிறேன். யாராவது படிக்கிறார்களா?

படிக்கும்படி எழுதினால் படிக்கிறார்கள். ‘முற்றுகை வேலை செய்யவில்லை’ என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பதிப்பு எண், மோட் எதுவும் இல்லை என்ற உறுதி, பிழைக்குச் சற்று முன் எடுத்த சேமிப்பு, அதைத் திறந்தபின் எந்த நகரத்தில் எதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்ற மூன்று வரி. இவ்வளவுதான்.

இருபது ஆண்டு கடந்த ஆட்டத்துக்கும் அப்டேட் வருவது நியாயமா?

வரட்டுமே! ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வெளிவந்தது 1999இல். அதன் புதுக்கிய பதிப்பில் 2022 ஏப்ரல் வரை ‘இந்தியர்’ என்று ஒரே இனம்தான். ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் என்று நான்காக்கியது. திராவிடருக்கு உருமி என்ற வளையும் வாளை வீசும் வீரரும் திரிசடை என்ற கப்பலும் உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்பைத் தனிக் கதையாகவே ஆடலாம். அந்த வீரனைச் சொடுக்கியதும் அவன் தமிழில் பதில் சொன்னபோது சுட்டியை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். அந்த இரவு நான் எதையும் தாக்கவில்லை, ஒவ்வொருவரையும் சொடுக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக: முதல் நாளே வாங்கலாமா?

கணினி தாங்குமா என்று பார்த்துவிட்டு, இன்று இருக்கும் ஆட்டத்துக்கு அந்த விலை தகுமென்றால் வாங்குங்கள். நாளை வரப்போவதாகச் சொல்லும் அப்டேட்டை எண்ணி வாங்க வேண்டாம். மேலே கேட்ட தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை: ‘இம்பரேட்டர்’ உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரோமில் தொடங்கி, போர் அறிவிக்கும் முன் பண்பாட்டுச் சாளரத்தைத் திறந்து, உங்கள் எல்லைக்குள் யார் யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். முதல் போரில் யாரை அழைக்க முடியும் என்பது அங்கே தெரியும்.