ஒன்பது வயது மகளும் அதிகாலைத் தொழுகையும்

ஸலாம் டாக்டர்,

ஈரானில், இஸ்ஃபஹான் நகரத்தில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் ‘ஜஷ்னே தக்லீஃப்’ நடந்தது, அதாவது ஒன்பது வயதாகிவிட்டது, தொழுகையும் நோன்பும் இனி உனக்கும் கடமை என்று சிறுமிகளுக்குச் சொல்கிற விழா. தலை முதல் கால்வரை போர்த்துகிற வெள்ளைச் சாதர், தலையில் பூ வளையம், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது சுபுஹுக்கு, அதாவது அதிகாலைத் தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். கணவர் சத்தம் போடுவார், மாமியார் “பிள்ளையை விடு” என்று அணைத்துக்கொள்வார், நான் சண்டை வேண்டாமென்று “அவள் தொழுதுவிட்டாள்” என்று சொல்லிவிடுவேன். போன வாரம் விருந்தினர் முன்னால் “எனக்குத் தொழப் பிடிக்கவில்லை” என்று சொல்லிவிட்டாள். குடும்பத்தின் ஆப்ரூவே, மானமே போய்விட்டது என்று கணவர் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. “முதல் ஏழு வருடம் பிள்ளை எஜமான், அடுத்த ஏழு வருடம் பணியாள்” என்ற ஹதீஸை, நபிமொழியைச் சொல்லி, இது கீழ்ப்படிகிற வயது என்கிறார். நான் என்ன செய்ய?

சகோதரி,

முதலில் அந்த மௌனம் இன்றே முடியட்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தொழுகையைப் பற்றிய பாடமாகப் போய்ச் சேராது, அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் போய்ச் சேரும்.

உங்கள் கணவர் சொன்ன ஹதீஸுக்கு மூன்றாவது பகுதியும் உண்டு, அதற்கடுத்த ஏழு வருடம் பிள்ளை வஸீர், அதாவது பெற்றோருக்கு ஆலோசனை சொல்கிற அமைச்சர். நாளைக்கு யோசனை கேட்கப்போகிற பிள்ளையை இன்றைக்கு மிரட்டி வாயடைத்தால் அப்புறம் அவள் எதைச் சொல்வாள்? இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் அவள் எழாதபோது அவர் கத்தினாலும் பேசிக்கொண்டுதான் இருந்தார், விருந்தினர் காதில் விழுந்த பிறகுதான் பேச்சை நிறுத்தினார். அப்படியென்றால் இதில் மார்க்கம் எவ்வளவு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள், ஈரானியக் குடும்பங்களில் இந்த இரண்டும் பின்னிக் கிடப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். நபிகள் நாயகம் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருந்தபோது பேரன் முதுகில் ஏறிக்கொள்ள, அவன் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டித்தார்கள் என்ற செய்தி அவருக்குத் தெரிந்திருக்கும், அதையும் நினைவூட்டுங்கள்.

நீங்கள் சொல்கிற பொய்யும் நிற்க வேண்டும். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், தொழுகை என்பது அப்பாவைச் சமாளிக்கிற வேலை என்று பழகிவிடுவாள். “இன்று எழவில்லை, நான் அவளோடு பேசுகிறேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

சரி, அதிகாலையை இப்போதைக்குப் போர்க்களமாக்காதீர்கள். மாலைத் தொழுகையான மஃக்ரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் ஷியா முறைப்படி நீங்கள் சேர்த்துத்தானே தொழுவீர்கள், அங்கிருந்து தொடங்குங்கள், அப்பா பக்கத்தில் அவளும் நிற்கட்டும், முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் அவளோடு பேசிக்கொண்டிருக்கட்டும். இரவுச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் முன்னால் கொண்டுவந்துவிட்டு சுபுஹுக்கு மெல்ல எழுப்பிப் பாருங்கள், தவறினால் களாவாக, அதாவது பிறகு ஈடுசெய்து தொழ வழி இருக்கிறது. எழுப்புகிற வேலையை மாமியாரிடமே கேட்டுக் கொடுங்கள், அவர் மடியில் அவள் சண்டை போடமாட்டாள், அவருக்கும் வெறும் செல்லம் கொடுப்பதைத் தாண்டி ஒரு பொறுப்பு வரும்.

கணவர் ஒத்துவராவிட்டால் அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள், பிள்ளை வேண்டாம், நீங்கள் இருவர் மட்டும்.