தல்லாகுளத்தில் தொலைந்தது யார்?

அன்புள்ள ஐயா,

ஆறு வயதில், மதுரை தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனேன். ஒரு போலீஸ்காரர் தோளில் நீலப் பாவாடையோடு அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்றும் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. போன வாரம் இதைச் சொன்னதும் அக்கா சண்டைக்கு வந்துவிட்டாள், தொலைந்தது அவள்தானாம். அம்மாவும் அதையே சொல்கிறார். எனக்கு மூளை குழம்பிவிட்டதா?

ம., மேலூர்

அன்புள்ள ம.,

மூளையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என்னை உறுத்துவது அந்த நீலப் பாவாடை. தோளில் இருக்கும் பிள்ளைக்குப் போலீஸ்காரரின் தொப்பி தெரியும், கீழே சர்க்கரைச் செம்பும் சூடமுமாகக் கூட்டம் தெரியும், அழுகிற தன்னையே எப்படித் தெரியும்? நிஜமாக நடந்ததையும் நாம் இப்படி வெளியே நின்று பார்ப்பதுண்டு, அதனால் இதை வைத்துப் பொய் என்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் அந்தக் காட்சி உங்கள் கண் வழியாக உள்ளே போனதல்ல, பிற்பாடு கட்டியது. அக்கா தொலைந்த கதையை வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! கதை தங்கிவிடும், அது யாருக்கு நடந்தது என்கிற விலாசம்தான் முதலில் அழியும்.

1995இல் அமெரிக்காவில் நினைவை ஆராயும் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் 24 பேருக்கு, வீட்டாரிடம் கேட்டு வாங்கிய மூன்று நிஜச் சம்பவங்களோடு, சின்ன வயதில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாக ஒரு கட்டுக்கதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர், முழுதாகவோ அரைகுறையாகவோ, அது நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். அங்கே மால், நமக்குச் சித்திரைத் திருவிழா.

என் கதை இன்னும் மோசம். என் நினைவில் அழகர் எப்போதும் பச்சைப் பட்டில்தான் ஆற்றில் இறங்குகிறார். பள்ளிக்கூட நாளில் நான் எழுதிய டைரியில் ஒரு வருடம் சிவப்பு என்று இருக்கிறது, என் கையெழுத்துதான், படித்தும் சிவப்பு வரவில்லை. பச்சை கட்டினால் வெள்ளாமை செழிக்கும் என்று ஊரே அதைப் பற்றித்தான் பேசும். பேசியது தங்கியது, பார்த்தது போயிற்று. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று எழுதிக்கொடுத்த மாணவர்களிடம் இரண்டரை வருடம் கழித்து உளவியலாளர் உல்ரிக் நைசர் மறுபடி கேட்டபோதும் இதே கதைதான். பலர் வேறு ஏதோ சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள், பழைய தாளைக் காட்டியும் பழையது திரும்பவில்லை.

அதற்காக அக்காவிடம் உடனே தோற்றுவிட வேண்டாம். அவரிடமும் அம்மாவிடமும் இருப்பதும் நினைவுதானே. அன்றைக்கு என்ன பாவாடை என்று அக்காவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். சண்டையில் நீலம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால், சரி, அதுவும் போச்சு.