நீலகிரியில் முதியோர் இல்லம் அமைக்கத் திட்டமிடுபவர்கள் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் சிறிய முதியோர் இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இல்லம் கட்ட வருபவர்களில் பலர் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் மனையைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியவை நிலத்தின் சரிவும் இரவு வேலைக்குக் கிடைக்கும் ஆட்களும்தான்.

இம்மாவட்டத்தில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. மேலே எழுப்ப முடியாததால் சரிவில் பக்கவாட்டாகப் பரப்பிக் கட்ட நேரிடுகிறது; அப்போது தரைமட்டங்கள் மாறிவிடுகின்றன. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பதால், 3 மீட்டர் ஏற்றத்துக்கு 36 மீட்டர் நீளச் சாய்தளமும் இடையிடையே சமதளத் திட்டுகளும் தேவைப்படும். வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்காமல் சாப்பாட்டுக் கூடத்தை மேல்மட்டத்தில் வைத்துவிட்டால், முழங்கால் வலியுள்ளவர்கள் அறைக்கே தட்டை வரவழைத்துச் சாப்பிடத் தொடங்கி, சில மாதங்களில் யாரோடும் பேசாமல் முடங்கிவிடுவார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007), மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் அளவில் அமைப்பது பற்றிப் பேசுகிறது. சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். மலையில் கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று ஊருக்கு ஊர், அரசு மருத்துவமனைக்கு அருகில், 25 அல்லது 30 பேர் தங்கும் சிறிய இல்லங்களே நல்லது என்பேன். உதகையில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ பாதை அடைபட்டால் அங்கே போவதும் எளிதல்ல, கோவைக்கு இறங்குவதும் எளிதல்ல. ஆகவே ஜெனரேட்டர், ஆக்சிஜன் கருவி, மாத்திரைக் கையிருப்பு ஆகியவற்றைத் தொடக்கச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

துணி காயவைக்கும் அறையையும் மறக்க வேண்டாம். படுக்கையிலேயே சிறுநீர் கழிப்பவர்கள் நாலு பேர் இருந்தால்கூட, ஆடி மாதத்துச் சாரலிலும் மூடுபனியிலும் கொடியில் போட்ட போர்வை மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரப் போர்வைதான் படுக்கைப் புண்ணுக்கும் சளிக்கும் வழி வகுக்கிறது.

ஆள் கணக்கைப் பெரும்பாலோர் குறைவாகவே போடுகிறார்கள். எந்நேரமும் ஒரே ஒருவர் பணியில் இருப்பதற்கே வாரத்துக்கு 21 ஷிப்ட் ஆகிறது. வார விடுமுறையோடு பார்த்தால் அதற்கே நான்கு பேர் வேண்டும். கடைசிப் பேருந்து போன பிறகு இரவு ஆள் வரவும் முடியாது, திரும்பவும் முடியாது என்பதால் அவர்களுக்கு வளாகத்திலேயே அறை கொடுக்க வேண்டும்.

யாருக்காகக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். குளிர்ச்சிக்காக மலையேறும் வசதியானவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். தேயிலைத் தோட்ட வேலையில் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை (தோட்ட நிர்வாகம் தரும் வரிசைக் குடியிருப்பை) காலி செய்ய வேண்டியவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் ஹட்டியில் (படுகர் ஊரில்) தனித்துவிட்ட படுகப் பெரியவர்கள் ஆகியோருக்குத்தான் திட்டம் தேவை. மறதி நோய் முற்றியவர்களிடம் பின்னாளில் கற்ற மொழி முதலில் கைவிட்டுப் போகக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஷிப்டிலும் படுக மொழி தெரிந்த ஒருவராவது இருக்கும்படி ஆள் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.