வெறுங்கையோடு திரும்பிய படகுகளையும் எண்ணினீர்களா?

கேள்வி: கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இரண்டு புரோட்டான்கள் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதும்போது எத்தனை துகள்கள் பிறக்கின்றன என்பதைப் மோதல்களைக் கணினியில் உருவகிக்கும் பித்தியா 8 நிரலைக் கொண்டு கணக்கிடுவதுதான் என் ஆய்வுத் திட்டம். 'ஹார்ட் க்யூசிடி' அமைப்பை இயக்கி, குறைந்தபட்சக் குறுக்கு உந்தத்தை (கற்றைத் திசைக்குச் செங்குத்தான உந்தத்தை) 20 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என வைத்தேன். செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் குழு அளந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் துகள்கள் வந்தன. 'பிடி0ரெஃப்' என்ற அளவுருவை உயர்த்திக்கொண்டே போனேன், எண்ணிக்கை இறங்கிவந்தது. ஆனால் இப்போது துகள்களின் சராசரிக் குறுக்கு உந்தம் அளவீட்டைவிட அதிகமாக நிற்கிறது. இரண்டும் பொருந்த எந்த அளவுருவை மாற்ற வேண்டும்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பிடி0ரெஃப் அளவுருவைப் பழைய இடத்துக்கே, அதாவது 2.28-க்குத் திருப்பிவிடுங்கள். அது 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உரிய மதிப்பு. 13-க்குப் போகும்போது நிரல் தானாகவே அதைச் சுமார் 2.6 ஆக உயர்த்திக்கொள்கிறது. உங்கள் மாதிரியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் எண்ணியதும் ஆலிஸ் எண்ணியதும் வேறு வேறு பொருள்கள்.

நான் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். படகுகள் கரை சேரும் காலை நேரத்தில் 'இன்றைக்கு ஒரு படகுக்குச் சராசரியாக எவ்வளவு மீன்?' என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கடலுக்குப் போன எல்லாப் படகுகளையும் சேர்த்து வகுப்பவர் ஒரு கணக்குச் சொல்வார். வெறும் படகாகத் திரும்பியவற்றை விட்டுவிட்டு வகுப்பவர் அதைவிடப் பெரிய கணக்குச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. உங்களுடையதோ மூன்றாவது கணக்கு: பெரிய வஞ்சிரம் அகப்பட்ட படகுகளை மட்டும் நிறுத்தி, அவற்றின் மொத்த மீனையும் எண்ணியிருக்கிறீர்கள்.

ஹார்ட் க்யூசிடி அமைப்பில் 20 என்ற வரம்பை வைத்தால், ஒரு புரோட்டானின் உட்துகளான குவார்க்கோ குளுவானோ மற்றதன் குவார்க்கோடோ குளுவானோடோ கடுமையாக மோதிச் சிதறிய நிகழ்வுகள் மட்டுமே உருவாகும். இயற்கையில் அவை மிகச் சில. பெரும்பாலான மோதல்கள் மென்மையானவை. கடும் மோதல் நடக்கும் நிகழ்வில் இரண்டு புரோட்டான்களும் பெரும்பாலும் நேருக்கு நேர் முட்டியிருக்கும். அப்போது பல குவார்க்கு, குளுவான் இணைகள் ஒரே சமயத்தில் மோதும். துகள்களின் எண்ணிக்கை ஏறுவது அதனால்தான். பிடி0ரெஃப் அளவுருவை உயர்த்தியபோது அந்தப் பக்க மோதல்களை அடக்கினீர்கள். தொகை குறைந்தது, கடும் சிதறல் அப்படியே நின்றது. ஆகவே சராசரி உந்தம் இறங்க வழியில்லை. ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்தால், வேறோர் அளவீடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேறோர் அளவீட்டையும், அதாவது சராசரி உந்தத்தையும், நீங்கள் சரிபார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பலர் தொகை பொருந்தியதும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஹார்ட் க்யூசிடியை அணைத்துவிட்டு 'சாஃப்ட் க்யூசிடி: இன்எலாஸ்டிக்' அமைப்பை இயக்குங்கள். அதே வரிசையில் இருக்கும் 'ஆல்' வேண்டாம். அது புரோட்டான்கள் உடையாமல் உரசிச் செல்லும் மீள்மோதல்களையும் சேர்த்துவிடும். வலையே வீசாத படகுகளைக் கணக்கில் சேர்ப்பதற்கு அது சமம்.

இப்போது ஆலிஸ் குழுவின் எண்கள். 13 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில், போலி விரைவு −0.5 முதல் +0.5 வரையிலான நடுப்பகுதியில், மீளாமோதல்கள் எல்லாவற்றுக்குமான சராசரி 5.31 மின்னூட்டத் துகள்கள். போலி விரைவு −1 முதல் +1 வரை ஒரு மின்னூட்டத் துகளாவது தென்பட்ட மோதல்களை மட்டும் எடுத்தால் 6.46. (போலி விரைவு என்பது துகள் கற்றைத் திசையோடு எந்தக் கோணத்தில் பறக்கிறது என்பதைச் சொல்லும் அளவு, செங்குத்தாகப் பறந்தால் சுழி.) முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 0.82. நூறு மோதல்களில் ஏறக்குறைய 18 மோதல்கள் நடுப்பகுதியில் ஒரு மின்னூட்டத் துகளைக்கூடத் தரவில்லை என்று பொருள். பெரும்பாலும் அவை விளிம்பு விலகல் மோதல்கள். அவற்றில் உடைந்த புரோட்டானின் துண்டுகள் கற்றைத் திசையிலேயே போய்விடுகின்றன. எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 6.46 என்றால், நடுப்பகுதி வெறுமையாக இருக்கும் நிகழ்வை வகுக்கும் எண்ணிலிருந்தும் நீக்க வேண்டும்.

வலைக்கண்ணும் முக்கியம். அதே ஆற்றலில் செர்னின் இன்னொரு குழுவான அட்லாஸ் வெளியிட்ட நடுப்பகுதி எண் 2.874. ஆலிஸ் சொன்ன 6.46-இல் பாதிகூட இல்லை. காரணம், 500 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் குறுக்கு உந்தம் உள்ள துகள்களை மட்டும் அவர்கள் எண்ணினார்கள். பெரிய கண் வலையில் நெத்திலி நிற்பதில்லை. துகள்களில் பெரும்பகுதியோ நெத்திலிகள்தான்.

அடுத்தது, மாணவர்கள் மிக எளிதாகத் தவறவிடுவது: எது 'முதன்மைத் துகள்'? ஆலிஸ் வரையறையில், ஆயுளை ஒளிவேகத்தால் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரும் துகளை அப்படியே எண்ண வேண்டும். அது சிதைந்து தரும் பிள்ளைகளை எண்ணக் கூடாது. குறுவாழ்வு நடுநிலைக் கேயானுக்கு இந்த நீளம் 2.68 சென்டிமீட்டர், லாம்டாவுக்கு 7.89. ஆனால் பித்தியா, எதுவும் சொல்லாமல் விட்டால், இவ்விரண்டையும் சிதைத்து, பிறக்கும் பையான் எனும் லேசான துகள்களையும் புரோட்டான்களையும் உங்கள் கணக்கில் கொட்டிவிடும். 'லிமிட்டவ்0' அமைப்பை இயக்குங்கள். அதோடு சேர்ந்த 'டவ்0மேக்ஸ்' 10 மில்லிமீட்டராக ஏற்கெனவே இருக்கும். ஆலிஸ் கேட்கும் அதே ஒரு சென்டிமீட்டர்.

ஒரு லட்சம் நிகழ்வுகள் போதும். புள்ளியியல் பிழை அளவீட்டின் பிழையான 0.19-ஐவிட மிகச் சிறியதாகிவிடும். அளவீட்டு மதிப்புகளை வரைபடத்தைப் பார்த்துக் கண்ணால் எடுக்காதீர்கள். துகள் இயற்பியல் அளவீடுகளைத் தொகுத்துவைக்கும் ஹெப்டேட்டா தளத்தில் அட்டவணையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன.

இவ்வளவும் செய்தபின் முழுத் தொகை, எதையும் மாற்றாமலே, அளவீட்டுக்கு நெருக்கமாக வந்துவிடும். நீங்கள் பயன்படுத்தும் 'மொனாஷ் 2013' அளவுருத் தொகுப்பு செர்னின் மோதுகருவியான எல்எச்சி தந்த தரவுகளையும் பார்த்துச் செதுக்கப்பட்டது. ஆகவே தொகை பொருந்துவதை உங்கள் கண்டுபிடிப்பாக எழுத முடியாது. மாதிரி எங்கே பொருந்தவில்லை என்பதில்தான் உங்கள் ஆய்வுக்கு உயிர் இருக்கிறது.

பித்தியாவின் மையத்தில் இருப்பது ஸ்வீடனின் லுண்ட் நகரில் உருவான இழை மாதிரி. பிரிந்து ஓடும் குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் இடையே நிறவிசை ஓர் இழையாக நீள்கிறது. ஒரு ஃபெர்மி (மீட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீள, ஏறக்குறைய ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும். இழை அறுபடும் இடத்தில் புதிய குவார்க்கு, எதிர்க்குவார்க்கு இணை பிறக்கிறது. விந்தைக் குவார்க்கு கனமானது, அதனால் அரிதாகவே பிறக்கும்; மேல், கீழ்க் குவார்க்கு ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் மொனாஷில் அதன் வாய்ப்பு 0.217. இழைகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே அறுந்தால், ஒரு மோதலில் இழைகள் கூடினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் 2017-இல் ஆலிஸ் குழு வெளியிட்ட 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவீட்டில், துகள்கள் கூடக் கூட, பையான்களோடு ஒப்பிடுகையில் கேயான், லாம்டா, ஸை போன்ற விந்தைத் துகள்களின் (விந்தைக் குவார்க்கு கொண்டவற்றின்) பங்கும் ஏறியது. மூன்று விந்தைக் குவார்க்குகள் கொண்ட ஓமேகாவில் ஏற்றம் மிக அதிகம். பித்தியாவின் வழக்கமான அமைப்பு இதைத் தரவில்லை.

ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நெருக்கத்தில் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகி, இழுவிசை கூடி, கனமான குவார்க்கையும் எளிதாகப் பிறக்கச் செய்கின்றன என்பது லுண்ட் வழியினரின் விளக்கம். எபோஸ் என்ற இன்னொரு மோதல் நிரலோ, நெருக்கமான நடுப்பகுதி ஒரு பாய்மமாக விரிகிறது என்று கொள்கிறது. எனக்குக் கயிறு விளக்கத்தின் மீது சாய்வு உண்டு. இழை என்ற ஒரே படத்தை விட்டு விலகாமல் அது பதில் தேடுகிறது. ஆனால் அது மட்டும் போதும் என்று இன்று சொல்ல மாட்டேன்.

ஆகவே இரண்டாவது அத்தியாயத்துக்கு, மோதல் ஆற்றலை 7000 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றி, நிகழ்வுகளைத் துகள் எண்ணிக்கைப்படி நான்கைந்து வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கேயான், லாம்டா, ஸை ஆகியவற்றுக்கும் பையானுக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். லிமிட்டவ்0 இயங்குவதால் மூன்றும் சிதையாமல் உங்கள் பட்டியலிலேயே நிற்கும். ஓமேகாவைச் சேர்க்க ஆசைப்பட்டால் நிகழ்வுகளைப் பல லட்சமாக உயர்த்த வேண்டும். மடிக்கணினியை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிறகு கயிறு அமைப்பை இயக்கி அதே கணக்கை மீண்டும் ஓட்டி, இரு கோடுகளையும் ஆலிஸ் புள்ளிகளோடு ஒரே படத்தில் வரையுங்கள்.