ஏசி ஆடம்பரமா? முதலில் உங்கள் வருடக் கணக்கைப் போடுங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி தன் மாதச் செலவுப் பட்டியலோடு எழுதியிருக்கிறார். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஓவர்டைம் சேர்க்காமல் கைக்கு 36,000 வருகிறது. இவர் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 16,000. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். "கணக்கு எழுதிப் பார்த்தால் மாதம் 4,300 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஆனால் கிரெடிட் கார்டில் 48,000 நிற்கிறது. ஓடிடியையும் ஹோட்டலையும் நிறுத்து, எல்லாம் ஆடம்பரம் என்கிறார் கணவர். யூடியூபில் பார்த்த 50-30-20 கணக்கைக் காட்டுகிறார். வெயில் காலத்தில் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது, ஏசி வாங்கலாம் என்றால் அதுவும் ஆடம்பரமாம். வட்டியில்லாத் தவணையில் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, கூடாதா?"

ஏசிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 4,300 ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் வீட்டுச் சண்டைக்கே அதுதான் காரணம்.

நீங்கள் அனுப்பிய பட்டியல் இது. வாடகை 10,000, மளிகை 8,000, காய்கறி பால் முட்டை கறி 6,500, காஸும் கரண்டும் 1,500, பெட்ரோல் 3,000, பள்ளி வேன் 2,400, டியூஷன் 1,500, மாமியார் மருந்து 2,000, போனும் நெட்டும் 1,300, ஓடிடி 300, பைக் தவணை 3,600, செல்போன் தவணை 2,100, நகைச்சீட்டு 3,000, ஹோட்டலும் வெளிச்செலவும் 2,500. மொத்தம் 47,700. கூட்டலில் பிழை இல்லை.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சில செலவுகளைச் சொல்லியிருக்கிறீர்களே, அவை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை! இரண்டு பிள்ளைகளுக்கும் வருடப் பள்ளிக் கட்டணம் 64,000, சீருடை, புத்தகம் 9,000, தீபாவளிக்கு 20,000, எல்ஐசி பிரீமியம் 14,000, இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் 5,000, மொய் மற்றும் விசேஷங்களுக்கு 18,000, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 6,000. கூட்டினால் 1,36,000. மாதக் கணக்கில் மிஞ்சும் 4,300-ஐ பன்னிரண்டால் பெருக்கினால் 51,600, அதோடு கணவரின் தீபாவளி போனஸ் 30,000, ஆக 81,600. வருடத்துக்கு 54,400 ரூபாய் துண்டு விழுகிறது, அதாவது மாதம் சுமார் 4,500. கார்டில் 48,000 ஏன் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஜூன் மாதம் கட்டணத்துக்குத் தேய்த்திருப்பீர்கள், தீபாவளிக்குத் தேய்த்திருப்பீர்கள், நடுவில் இரண்டு கல்யாணம் வந்திருக்கும்.

இந்தச் செலவுகளில் எது ஆடம்பரம்? பள்ளிக் கட்டணமா, மொய்யா? மொய் நோட்டில் நமக்கு எழுதியவர்களுக்குத் திருப்பிச் செய்வதை ஆடம்பரம் என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. உங்கள் வீட்டைக் கடனில் தள்ளியது வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் தவறாமல் வருகிற அத்தியாவசியங்கள்தான். அவை வரும் தேதி நமக்கு முன்கூட்டியே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு போலவே வந்து நிற்கும், காரணம் மாதக் கணக்கு நோட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. சம்பளம் மாதாமாதம் வருவதால் செலவையும் மாதத்துக்குள் அடைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அங்கேதான் நிறைய குடும்பங்கள் சறுக்குகின்றன, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன்.

அந்த 50-30-20 விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்ற இந்தப் பங்கீட்டை 2005-இல் அமெரிக்காவில் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் பிரபலமாக்கினார்கள். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் கட்டணமில்லாத அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள், வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வருகிறது. இங்கே பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், பெற்றோர் மருந்து எல்லாம் உங்கள் 52,000-க்குள்ளேதான் வர வேண்டும். ஆகவே பாதிக்குள் தேவைகள் அடங்கவில்லையே என்று இருவரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். அதேபோல மளிகையிலும் கை வைக்க வேண்டாம். 2023-24-இல் மத்திய அரசு நடத்திய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் உணவுக்குப் போவதாக வந்தது. உங்கள் வீட்டில் 14,500, வருமானத்தில் 28 சதவீதம்தான். வளரும் பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் குறைத்துக் கடன் அடைக்கும் நிலைமை உங்களுக்கு இல்லை.

சரி, எதைத்தான் குறைப்பது? ஒரு செலவைப் பார்த்து இது ஆடம்பரமா என்று கேட்பதைவிட, அடுத்த மாதம் நினைத்தால் இதை நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓடிடி 300 ரூபாயை நாளைக்கே நிறுத்தலாம். ஹோட்டலுக்கும் ஒரு மாதம் போகாமல் இருக்கலாம். செல்போன் தவணையை அப்படி நிறுத்த முடியாது. விலை கூடிய போன் வாங்கியது ஆடம்பரமாகவே இருக்கட்டும், தவணையில் வாங்கிய நிமிடத்தில் அது வாடகை மாதிரி கட்டியே தீர வேண்டிய செலவாகிவிட்டது. பைக்கும் அப்படித்தான். பைக் தேவைதான், மறுக்கவில்லை, ஆனால் குறைந்த விலை மாடலுக்கும் வாங்கிய மாடலுக்கும் உள்ள வித்தியாசம் தேவையில்லை, அந்த வித்தியாசமும் 3,600-க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ரொக்கம் கொடுத்து ஒரு நாளில் முடிகிற ஆடம்பரம் குடும்பத்தைக் கவிழ்ப்பதில்லை. தவணை போட்ட ஆடம்பரங்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இன்னொரு செலவை நீங்கள் எழுதவே இல்லை. கார்டுக் கடனுக்கு மாத வட்டி சுமார் மூன்றரை சதவீதம். 48,000-க்கு 1,680, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாதம் கிட்டத்தட்ட 2,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும், வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. ஓடிடிக்காக 300 ரூபாய்ச் சண்டை போடுகிற வீட்டில் 2,000 ரூபாய் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இதை முதலில் நிறுத்துங்கள். ஒரு நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து கார்டை மொத்தமாக அடையுங்கள். நகைக்கடன் வட்டி வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 400 ரூபாய்தான். அடகு வைக்க மனசு வராது, தெரியும். ஆனால் வீட்டில் நகையைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியே நாற்பது சதவீத வட்டி கட்டுவது அதைவிடப் பெரிய இழப்பு. இரண்டு நிபந்தனை. வட்டியை மாதாமாதம் கட்டிவிட வேண்டும். கணவரின் ஓவர்டைம் பணம் வரும்போதெல்லாம் அசலுக்குப் போக வேண்டும், வீட்டுச் செலவுக்குள் அதைக் கலக்கவே கூடாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் இறக்குமதி வரி 50 சதவீதமாக ஏறியபோது திருப்பூருக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்டைமை நம்பித் தவணை எடுப்பது உங்கள் ஊரில் ரொம்ப ஆபத்து.

அடுத்தது நகைச்சீட்டு. 11 மாதம் கட்டினால் செய்கூலி, சேதாரத்தில் சலுகை என்று தருகிறார்கள். நடுவில் விட்டால் அந்தச் சலுகை போய்விடும், அதனால் இப்போது ஓடுவதை முடித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் புதிய சீட்டு போடாதீர்கள். கடனை வைத்துக்கொண்டு தங்கம் சேர்ப்பது சேமிப்பு ஆகாது. செல்போன் தவணையும் இன்னும் நான்கு மாதத்தில் முடிவதாக எழுதியிருக்கிறீர்கள். சீட்டு 3,000, போன் 2,100, இரண்டும் சேர்ந்தால் 5,100. உங்களுக்கு மாதம் விழும் துண்டு 4,500! பாருங்கள், ஓடிடியையும் ஹோட்டலையும் தொடாமலேயே ஓட்டை அடைபடுகிறது, நகைக்கடன் வட்டி 400-க்கும் இடம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பணம் மாதச் செலவுக்குள் கரைந்துவிடாமல் இருக்க வேண்டும். வருடச் செலவு 1,36,000-இல் போனஸ் போக மீதி 1,06,000, பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 8,850. இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதற்கு ஏடிஎம் கார்டும் யூபிஐயும் வைக்காமல், சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக் கட்டணப் பங்கை மட்டும் மே மாதம் முதிர்கிற மாதிரி வங்கி ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில், போடலாம். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருடத்துக்கானது, இந்த வேலைக்குச் சரிப்படாது. தவணைகள் முடியும் வரை 8,850 முழுதாகப் போட முடியாது, மிஞ்சுகிற 4,300-ஐ மட்டுமாவது இந்த மாதமே ஆரம்பியுங்கள். முதல் வருடம் கட்டணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்டப் பள்ளியில் அனுமதி கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்புறம் மொய்க்கு வருட உச்சவரம்பு ஒன்றை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹோட்டல் செலவில் ஒரு இடத்தில் மட்டும் உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன். உங்கள் பட்டியலில் மருத்துவக் காப்பீடு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஹோட்டல், வெளிச்செலவு 2,500-ஐப் பாதியாக்கினால் வருடம் 15,000 சேரும், உங்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குடும்ப பாலிசிக்கு அது ஓரளவு போதும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்தால் மேலே போட்ட கணக்கு எல்லாம் கலைந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மீதிப் பாதியில் தலைக்கு 500 ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள், அதை எதற்குச் செலவழித்தார் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. வேலைக்குப் போகிற இருவருக்கும் அந்த அளவு சுதந்திரம் வேண்டும்.

இப்போது ஏசி. மூச்சுத் திணறல் உள்ள வயதானவருக்கு ஏப்ரல், மே மாதத்தில் குளிர்ந்த அறை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள், ஆனால் இப்போது தவணையில் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-இல் இதைச் சொல்லி வங்கிகளைக் கண்டித்தது. வங்கி வட்டி போடுகிறது, கடைக்காரரோ கம்பெனியோ அந்த அளவு தள்ளுபடியைக் காட்டி ஈடுகட்டுகிறது, வட்டி மேல் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். கடைக்காரரிடம், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள், வித்தியாசம் அப்போதே தெரிந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏசி விற்பனை மந்தமாக இருக்கும், பேரம் பேசவும் அதுதான் நேரம். நகைக்கடனை ஓவர்டைமில் அடைத்துவிட்டு, அதே ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து ரொக்கமாக வாங்குங்கள்.

வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவு முக்கியம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. 2024 ஜூலை கட்டண அட்டவணைப்படி இதற்குச் சுமார் 1,100 ரூபாய். அந்த அட்டவணையில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், மேலே உள்ள யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் ஏறும். ஒரு டன் ஏசியை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 320 முதல் 400 யூனிட். மொத்தம் 700 என்று வைத்தாலே பில் 3,900 பக்கம் போகும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டில் ஓடும். மூன்று மின்விசிறிகளை மாற்றினால், தினம் 12 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் சுமார் 97 யூனிட் மிச்சமாகும், 380 என்பது 285 அருகே வந்துவிடும். அதன்பின் ஏசியை 27 டிகிரியில், மின்விசிறியோடு சேர்த்து, டைமர் போட்டு நான்கு மணி நேரம் ஓட்டினால் 190 யூனிட், மொத்தம் 475. பில் 1,700-க்குள் நிற்கும். மூன்று மின்விசிறிக்கும் எட்டிலிருந்து ஒன்பதாயிரம் ஆகும், ஏசிக்கு முன்பே ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குங்கள், மாமியார் அறையிலிருந்து. வாடகை வீடு என்பதால் கழற்றி எடுத்துப் போகலாம், பழைய மின்விசிறிகளை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏசி வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் சுவரில் துளை போடவும், தனி வயர் இழுக்கவும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தனி மின் மீட்டரா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதையும் பாருங்கள். அவர் ஒரே விலைக்கு வாங்குகிறவர் என்றால் மேலே சொன்ன 500 யூனிட் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, மின்விசிறி மாற்றுவது மட்டும் அப்போதும் லாபம்தான்.