வருடலும் நரம்பிழைகளும்: வாசகர் கேள்விகள்

கே: மென்தூரிகையால் முன்கையை வருடினால் சுகமாக இருக்கிறது. உள்ளங்கையில் அப்படி இல்லையே?

மெல்லிய வருடலுக்கென்றே உள்ள சி-டாக்டைல் நரம்பிழைகள் ரோமமுள்ள தோலில்தான் நிறைய. உள்ளங்கையில் மிக அரிது. அங்கே மெய்ஸ்னர், மெர்க்கல் எனப்படும் தொடுவுணர்வு ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. விளிம்பு, சொரசொரப்பு, வழுக்கல் ஆகியவற்றை அறிவதுதான் உள்ளங்கையின் வேலை.

கே: எந்த வேகத்தில் வருட வேண்டும்?

நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வரை. 3 செ.மீ. அளவில் அந்த இழைகள் நன்றாகச் செய்தி அனுப்பும். தொடும் பொருள் தோலின் சூட்டில், 32 டிகிரி அளவில் இருப்பது நல்லது.

கே: புறங்கையில் நீலமாகப் புடைத்திருக்கும் நரம்பும் தொடுவுணர்வுக்கானதுதானே?

அது நரம்பே அல்ல, சிரை. எத்தனை முறை எழுதிவிட்டேன்! சி-டாக்டைல் இழையின் தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது.

கே: 'இன்ப நரம்பை'த் தூண்டினால் யாருக்கும் மகிழ்ச்சி வருமாமே?

இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இன்ப நரம்பு என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லப்படுவது சி-டாக்டைல் இழைகளைத்தான். பூனையின் தோலில் இந்த வகை இழைகளை 1939-லேயே யிங்வே சோட்டர்மன் பதிவுசெய்தார். மனிதரிடம் அவை தெரியவர ஏறக்குறைய 50 ஆண்டு ஆயிற்று. இவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாததால் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில்தான் செய்தி போகும். உறையுள்ள பெரிய இழைகளில் அது 50 மீட்டர். அந்தப் பெரிய இழைகளை நோயால் இழந்த ஒரு பெண்ணை ஹோகன் ஓலாசன் குழுவினர் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். முன்கையை மெல்ல வருடியபோது அவருக்கு மங்கலான, இதமான ஓர் உணர்வு கிடைத்தது. மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள இன்சுலா பகுதி இயங்கியது. தொட்ட இடத்தைத் துல்லியமாக அறியும் மூளைப் புறணிப் பகுதி இயங்கவில்லை.

ஆனால் இழை சொல்வது 'மெதுவாக, இதமான சூட்டில் ஏதோ நகர்கிறது' என்பது மட்டுமே. இதமா அருவருப்பா என்பதை மூளை முடிவுசெய்கிறது. தொடுபவர் யார், நமக்குச் சம்மதமா என்பதெல்லாம் அதில் சேரும். பிடிக்காதவர் அதே வேகத்தில் வருடினால் உடல் கூசும். ஆகவே 'யாருக்கும் வரும்' என்று எழுதாதீர்கள். கேட்காமல் யாரையும் தொடாதீர்கள்.

கே: பாதம் மரத்து ஆறு மாதம் ஆகிறது. நானே தடவினால் தெரிகிறது. பரவாயில்லைதானே?

ஆறு மாதம் எதற்காகக் காத்திருந்தீர்கள்? தடவும் விரலுக்கும் உணர்வு உண்டு. தெரிந்தது பாதத்துக்கா விரலுக்கா என்று உங்களால் பிரிக்க முடியாது. மருத்துவரிடம் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை உண்டு. கண்ணை மூடச் சொல்லி அதால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். சர்க்கரை நோய் இருந்தால் இந்த வாரமே போங்கள்.

கே: அக்கி ஆறிய இடத்தில் சட்டை உரசினாலே வலிக்கிறது.

அது அலோடினியா, அதாவது வலிக்கக் கூடாத லேசான தொடுதலும் வலிப்பது. நரம்பு பாதிப்பின் அடையாளம். மருந்து உண்டு. நீங்களும் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்த்து ஆற்றப் பார்க்காதீர்கள்.